தந்தியை இழுத்தால் சத்தம் ஏன் அமுங்குகிறது? – கிதார் பிக்கப் கேள்வி பதில்

எலெக்ட்ரிக் கிதாரில் தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகமான பிக்கப் பற்றிப் போன இதழில் நாலு பத்தி எழுதியிருந்தேன். புதுச்சேரி, கடலூர் பக்கமிருந்து நிறைய கேள்விகள் வந்துவிட்டன. புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: நெல்லித்தோப்பில் அப்பா ஃபேனுக்கும் மோட்டாருக்கும் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். அங்கே பழகிய கைதான் இன்று கிதார் பிக்கப்புக்குக் காயில் கட்டுகிறது. கிதாரில் மாட்டும் ஸ்ட்ரிங்கைத் தந்தி என்றும், காயிலில் சுற்றுவதைக் கம்பி என்றும் எழுதுகிறேன். அப்போதுதான் குழப்பம் வராது.

கேள்வி: பாட்டியிடம் வீணை கற்றவன் நான். இப்போது எலெக்ட்ரிக் கிதாரில் கர்னாடக இசை வாசிக்கிறேன். தோடி ராகத்தின் காந்தார ஸ்வரத்துக்குத் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தால் நடுவில் சத்தம் அமுங்கி, மறுபடி எழுகிறது. விரலில் பலம் போதவில்லை என்கிறார்கள். அப்படியா அக்கா?
– மஞ்சக்குப்பம், கடலூர்

தம்பி, முதலில் ஒரு சோதனை. ஆம்ப் (ஒலிபெருக்கி) வயரைக் கழற்றிவிட்டு, கிதாரின் கட்டையில் காதை அழுத்தி வைத்துக்கொண்டு அதே காந்தாரத்தை மெதுவாக இழுங்கள். கட்டையில் சத்தம் சீராக வந்தால் விரலுக்கு ஒரு குறையும் இல்லை, பிக்கப்பைத்தான் பார்க்க வேண்டும். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் எனக்குப் பிக்கப் மேல்தான் சந்தேகம்.

சாதாரணப் பிக்கப்பில் ஒவ்வொரு தந்திக்கும் கீழே ஒரு காந்த முளை இருக்கும். ஆறு தந்திக்கு ஆறு முளை, எல்லாவற்றையும் சுற்றி ஒரே காயில். எஃகுத் தந்தி அதிரும்போது முளையைச் சுற்றியுள்ள காந்தப் புலம் அசைகிறது, அந்த அசைவு காயிலில் மின்சாரமாக எழுகிறது. 1831-ல் ஃபாரடே கண்டுபிடித்தது இதுதான். தந்தி தன் முளைக்கு நேர் மேலே இருக்கும்வரை புலம் பலமாக இருக்கும். இரண்டு முளைகளுக்கு நடுவே போய்விட்டால் பலம் குறையும்.

எவ்வளவு நகர்கிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 7-ஆம் ஃபிரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) தந்தியை 10 மில்லிமீட்டர் இழுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கழுத்துப் பக்கப் பிக்கப்பின் மேல் அது ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் நகரும். முளைக்கும் முளைக்கும் இடைவெளியே சுமார் 10 மில்லிமீட்டர்தான் என்பதால், தந்தி கிட்டத்தட்ட நடுப்பள்ளத்துக்கு வந்துவிடுகிறது. பாலத்துப் பக்க (கட்டையில் தந்திகள் வந்து முடியும் பிரிட்ஜ் பக்க) பிக்கப்பின் மேல் அதே இழுப்பு 1 மில்லிமீட்டரைத் தாண்டாது. ஆகவே கழுத்துப் பிக்கப்பில் அமுங்குவது பாலத்துப் பிக்கப்பில் தெரியாது. உங்கள் கிதாரில் மாற்றிப் போட்டுப் பாருங்கள், அதுவே இரண்டாவது சோதனை.

ராக் வாசிக்கிறவர்களுக்கு இது ஏன் பெரிய தொல்லையாகத் தெரிவதில்லை? ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் போட்டால் ஆம்ப் ஏற்ற இறக்கத்தையெல்லாம் நசுக்கிச் சமமாக்கிவிடும். நாம் சுத்தமான ஒலியில் வாசிக்கிறோம், ஒரு ஸ்வரத்தை இழுத்து அங்கேயே நின்று அசைக்கிறோம். அதனால் பள்ளம் அப்படியே காதில் விழுகிறது.

குயீன் ராக் குழுவின் கிதார் கலைஞர் பிரையன் மே சிறுவயதில் இதே மாதிரி ஒன்றில் மாட்டிக்கொண்டவர். 1963-ல் அவரும் அவருடைய அப்பாவும் வீட்டிலேயே ஒரு கிதார் செய்யத் தொடங்கினார்கள். முதலில் பொத்தான் காந்தங்களை வைத்துப் பிக்கப்பும் தானே கட்டினார். நேராக மீட்டினால் நன்றாக இருந்தது. தந்தியை இழுத்தபோது, அந்தக் காந்தங்களின் வட தென் துருவ அமைப்பைக் குறுக்கே கடக்கையில் கரகரவென்று ஒரு ஓசை வந்தது. கடைசியில் பர்ன்ஸ் ட்ரை-சோனிக் பிக்கப் மூன்றை வாங்கி, உள்ளே அரால்டைட் பசை ஊற்றி இறுக்கிப் பொருத்தினார். அந்தக் கிதாரைத்தான் இன்றும் வாசிக்கிறார்.

சரி, உங்களுக்கு என்ன வழி? முளைகளை எடுத்துவிட்டு, முதல் தந்தியிலிருந்து ஆறாம் தந்திவரை ஒரே இரும்புத் தகடு ஓடுகிற பிக்கப். இது புதுமையும் இல்லை. 1936-ல் கிப்ஸன் இஎஸ்-150 கிதாரில் வந்த பிக்கப்பிலேயே ஒற்றைத் தகடுதான். ஜாஸ் கலைஞர் சார்லி கிறிஸ்டியன் வாசித்துப் புகழ் பெற்றதால் அவர் பெயராலேயே அதை அழைக்கிறார்கள். தகட்டின் மேல் தந்தி எங்கே நகர்ந்தாலும் புலம் ஒன்றுதான், பள்ளம் என்ற பேச்சே இல்லை. முத்தியால்பேட்டையில் ஒருவருக்கு நான் செய்தது இப்படி: வெல்டிங் பட்டறையில் 3 மில்லிமீட்டர் இரும்புப் பட்டை வெட்டி வாங்கி, அதைச் சுற்றிக் காயில் கட்டி, அடியில் இரண்டு பக்கமும் ஃபெரைட் காந்தம் வைத்தேன். நடுவில் இரும்பு இருப்பதால் ஒலி கொஞ்சம் தடித்து, உச்ச ஓசையின் கூர்மை தணியும். ஸ்வரத்தை அசைத்து வாசிக்கும் கமகத்துக்கு அந்தத் தடிப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. வீணைக்குப் பழகிய காதுக்கு உங்களுக்கும் பிடிக்கும் என்று நம்புகிறேன்.

செலவில்லாத வழியும் உண்டு. பிக்கப்பை இரண்டு பக்கத் திருகாணியிலும் இறக்குங்கள். கடைசி ஃபிரெட்டில் தந்தியை அழுத்திக்கொண்டு பார்த்தால் முளைக்கும் தந்திக்கும் 3 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும், உங்களுக்கு 4 வரை போகலாம். தூரம் கூடக் கூடப் பள்ளம் ஆழம் குறையும். சத்தம் குறைவதை ஆம்ப்பில் ஏற்றிக்கொள்ளுங்கள். இன்னொரு லாபமும் உண்டு: காந்தம் ரொம்பக் கிட்டே இருந்தால் தந்தியைப் பிடித்து இழுத்து, தடித்த தந்திகளில் ஒரே ஸ்வரம் இரண்டாகப் பிளந்த மாதிரி சுருதி பிசகும். அதுவும் போய்விடும். யு. ஸ்ரீநிவாஸ் ஐந்து தந்தி எலெக்ட்ரிக் மாண்டலினில் வாசித்ததைக் கேட்டவர்களுக்குத் தெரியும், இழுத்த பிறகும் நாதம் நிற்பதற்கு மின்சாரம் எவ்வளவு துணை என்று. அந்தத் துணையைக் காந்தமே கெடுத்துவிடக் கூடாது.

கேள்வி: 8 கிலோ ஓம் பிக்கப்பைவிட 14 கிலோ ஓம் பிக்கப் நல்லது என்று கடையில் சொன்னார்கள். விலையும் கூட. வாங்கலாமா?
– லாசுப்பேட்டை

அந்த எண்ணை மட்டும் நம்பி வாங்காதீர்கள். ஓம் என்பது மின்தடையின் அளவு, கம்பியின் நீளத்தையும் மெலிவையும் சொல்லும். அதே சுற்றை இன்னும் மெல்லிய கம்பியில் கட்டினால் ஓம் ஏறும், சத்தம் ஏறாது.

தொனியைத் தீர்மானிப்பது வேறு. காயிலின் இண்டக்டன்ஸும் (மின்னோட்ட மாற்றத்தை எதிர்க்கும் குணம், ஹென்றியில் அளப்பது) உங்கள் கேபிளின் கப்பாசிட்டன்ஸும் (மின்னூட்டத்தைத் தேக்கும் குணம், ஃபாரடில் அளப்பது) சேர்ந்து ஓரிடத்தில் ஒலியைத் தூக்கிப் பிடிக்கும், அதற்கு மேலே சரசரவென்று இறக்கிவிடும். அந்த மேடு எங்கே விழுகிறது என்பதுதான் பிக்கப்பின் குரல். ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற எலெக்ட்ரிக் கிதார் வகைக் காயில் சுமார் 2.4 ஹென்றி. 5 மீட்டர் கேபிளும் காயிலுக்குள் இருக்கும் சிறு கப்பாசிட்டன்ஸும் சேர்ந்து 600 பிக்கோஃபாரட் என்று வைத்தால் மேடு 4,200 ஹெர்ட்ஸ் அருகே விழும். இரட்டைக் காயில் பிக்கப்பான 4.5 ஹென்றி ஹம்பக்கரில் அது 3,100 அருகே இறங்கும். இப்போது பாருங்கள்: அந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரிலேயே 10 மீட்டர் கேபிளைப் போட்டால் அதன் மேடும் 3,100-க்கு வந்துவிடுகிறது. பிக்கப்பை மாற்றிப் பார்க்கிறவர்கள் பலர் கேபிளை மாற்றிப் பார்ப்பதே இல்லை. பணம் கொடுக்கும் முன் ஒரு நாள் குட்டைக் கேபிளில் வாசித்துப் பாருங்கள்.

கேள்வி: படத்தில் பார்த்த ஒரு பழைய கிதாரில் பிக்கப் உதட்டுச்சாயக் குழாய் மாதிரியே இருந்தது. நிஜமாகவே லிப்ஸ்டிக் குழாயா?
– முதலியார்பேட்டை வாசகி

நிஜமேதான். அமெரிக்காவில் டான்எலெக்ட்ரோ என்ற கம்பெனியை நடத்திய நேதன் டேனியல், 1950-களில் விலை மலிவான கிதார்களைச் செய்து சியர்ஸ் கடைகளுக்குக் கொடுத்துவந்தார். பிக்கப்புக்குக் கூடாக லிப்ஸ்டிக் உலோகக் குழாயைப் பயன்படுத்தினார். உள்ளே பிளாஸ்டிக் சட்டம்கூடக் கிடையாது. பட்டைக் காந்தத்தின் மேலேயே கம்பியைச் சுற்றி, டேப் ஒட்டி, குழாய்க்குள் நுழைத்துவிடுவார்கள்.

சுற்றுகள் குறைவு, அதனால் மேடு உயரே விழுகிறது, ஒலி மெலிந்து மணி அடித்தாற்போல் இருக்கும். இரண்டு பிக்கப்பையும் சேர்த்துப் போட்டால்தான் அந்தக் கிதாரின் அழகு தெரியும். மற்ற கம்பெனிகள் அந்த இரண்டைப் பக்கம் பக்கமாக இணைக்க, இவர் ஒன்றன் பின் ஒன்றாகத் தொடராக இணைத்தார். மெலிந்த இரண்டு குரல் சேர்ந்து ஒரு தடித்த குரல் வரும். சிக்கனத்துக்காகச் செய்த வேலையில் இப்படி ஒரு காது இருந்திருக்கிறதே என்று ஒவ்வொரு தடவையும் எனக்கு மரியாதை கூடுகிறது.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தையில் பழைய ஜப்பான் கிதார் ஒன்று வாங்கினேன். பிக்கப்பின் மூடியில் தங்க நிறத் தகடு தெரிகிறது. ஒன்று வேலை செய்கிறது, மற்றது ஊமை. தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது மாட்டலாமா?
– குருசுக்குப்பம்

தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள். அது 'கோல்டு ஃபாயில்' வகை. 1960-களில் டெய்ஸ்கோ முதலான ஜப்பானியக் கம்பெனிகள் மலிவுக் கிதாருக்குப் போட்டவை. அமெரிக்கக் கிதார் கலைஞர் ரை கூடர் தன் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் அதில் ஒன்றைப் பொருத்தி வாசித்த பிறகு உலகமே அதைத் தேடுகிறது. தங்கத் தாள் வெறும் அலங்காரம். ஒலிக்குக் காரணம் உள்ளே இருக்கும் தட்டையான காயிலும், பலம் குறைந்த காந்தமும். சிலவற்றில் ரப்பரோடு கலந்த காந்தப் பட்டைதான் இருக்கும். காந்தம் மெலிந்தது என்பதால் தந்தி கட்டில்லாமல் அதிர்கிறது, ஸ்வரம் அவசரமில்லாமல் மலர்ந்து அடங்குகிறது.

ஊமையானதற்குக் காரணம் அநேகமாக நம் கடற்காற்று. குருசுக்குப்பத்தில் வீட்டு ஜன்னல் கம்பியே எத்தனை வருஷம் தாங்குகிறது என்று உங்களுக்கே தெரியும். தலைமுடி மாதிரி மெலிந்த செம்புக் கம்பி, மேலே ஒரு பூச்சு எனாமல். எங்கேயாவது ஊசிமுனை அளவு எனாமல் விட்டுப்போயிருந்தால் உப்பும் ஈரமும் அங்கே பச்சை பூத்து அறுத்துவிடும். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் நமக்கும் நடுவே கரையேறியதே, அதில் நனைந்த கிதார் ஒன்றை ஒரு குடும்பம் துடைத்து, வெயிலில் காயவைத்து, பத்திரமாகப் பெட்டியில் வைத்துவிட்டது. சில மாதம் கழித்து என்னிடம் வந்தபோது மூன்று காயிலும் போயிருந்தன. நனைந்தது தண்ணீரில் என்றாலும், அறுத்தது உள்ளே தங்கிய உப்புதான்.

செய்ய வேண்டியது இது. பிக்கப்பின் இரண்டு வயரையும் வால்யூம் கண்ட்ரோலிலிருந்து சால்டர் நீக்கிக் கழற்றுங்கள். மல்டிமீட்டரை 20 கிலோ ஓமில் வைத்துத் தொடுங்கள். எண் வந்தால் காயில் நலம், பழுது சுவிட்சிலோ வயரிலோ இருக்கிறது. எண்ணே வராவிட்டால் எங்கோ அறுந்திருக்கிறது. தடித்த வயரோடு மெல்லிய கம்பி சேரும் முனையில்தான் பெரும்பாலும் அறும். வெளிமுனை என்றால் ஒரு சுற்று பிரித்து மறுபடி பற்றவைத்தால் உயிர் வந்துவிடும், நான் அப்படிப் பல காயில்களை மீட்டிருக்கிறேன். உள்முனை என்றால் முழுக்கப் பிரித்துக் கட்டத்தான் வேண்டும். காந்தத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். 'பலம் ஏற்றித் தருகிறேன்' என்று யாராவது சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். அந்த மெலிவுக்காகத்தானே அதை வைத்திருக்கிறோம்.

கேள்வி: எங்கள் கோயில் பாடகர் குழுவில் நைலான் தந்திக் கிதார். துளையில் மாட்டும் காந்தப் பிக்கப் வாங்கினோம், சத்தமே இல்லை. ஏமாந்துவிட்டோமா?
– அரியாங்குப்பம்

பிக்கப் நல்லதாகவே இருக்கலாம். நைலானைக் காந்தத்துக்குத் தெரியாது, அவ்வளவுதான். திருப்பிக் கொடுத்துவிட்டு, பாலத்தின் மேல் தந்தி உட்காரும் எலும்புப் பட்டைக்கு அடியில் வைக்கும் பியஸோ வாங்குங்கள். சில படிகங்களை அழுத்தினால் மின்னழுத்தம் பிறக்கும் என்று கியூரி சகோதரர்கள் 1880-ல் கண்டார்கள். தந்தியின் அதிர்வு படிகத்தை அழுத்த, அது பேசுகிறது. தந்தி எதனால் ஆனது என்று அது கேட்பதில்லை.

ஒரு எச்சரிக்கை: பியஸோவை நேராக மிக்ஸரின் மைக் துளையில் சொருகினால் கீழ் ஓசை போய், தகரத்தைத் தட்டினாற்போல் ஒலிக்கும். 1 மெகா ஓமுக்கு மேல் உள்ளீட்டுத் தடை கொண்ட சிறு ப்ரீஆம்ப் (ஆம்ப்புக்கு முன்னால் ஒலியை ஏற்றும் பெட்டி) நடுவில் வேண்டும். இதைத் தவிர, அகச்சிவப்பு ஒளியைத் தந்தியின் மேல் வீசி அதன் நிழல் அசைவைப் படிக்கும் ஒளிப் பிக்கப்பும் உண்டு. லைட்வேவ் என்ற கம்பெனி செய்தது. காந்த இழுப்பே கிடையாது, நைலானும் பித்தளையும் எதுவும் ஓடும். ஞாயிறு பூசைக்கு அவ்வளவு தேவையில்லை.

கேள்வி: திருவிழா மேடையில் சீரியல் லைட் போட்டதும் கிதாரில் ஊம் என்று இரைச்சல். ஈக்வலைசரில் குறைத்தால் வாசிப்பும் சேர்ந்து போகிறது.
– திருப்பாதிரிப்புலியூர்

போகத்தான் செய்யும். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். இரைச்சலோ 50, 100, 150 என்று அடுக்கி வரும். உங்கள் ஆறாம் தந்தி 82, ஐந்தாம் தந்தி 110. அந்த இரண்டுக்கும் நடுவே 100 வந்து உட்கார்ந்திருக்கிறது. அதை வெட்டினால் தந்திகளின் அடிநாதத்தையும் சேர்த்து வெட்டுகிறீர்கள். காயிலிலேயே தடுக்க வேண்டிய விஷயம் இது.

கிப்ஸனில் இருந்த செத் லவர் 1955-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த ஹம்பக்கர் அப்படித்தான் செய்கிறது. இரண்டு காயில், சுற்றும் எதிர், காந்தமும் எதிர். வெளியிலிருந்து வரும் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், தந்தியின் ஒலி கூடும். ஆனால் தந்தியை இரண்டு இடத்தில் ஒரே சமயம் கேட்பதால் உச்ச ஓசை கொஞ்சம் போகும்.

காயில் கட்டுகிற எனக்கு ரொம்பப் பிடித்தது லேஸ் கம்பெனியின் அலுமிடோன். ஆயிரக்கணக்கான சுற்றுகளுக்குப் பதில் அலுமினியச் சட்டமே ஒற்றைச் சுற்று. அதில் ஓடும் மின்னோட்டத்தை ஒரு குட்டி டிரான்ஸ்ஃபார்மர் காயில் பிடித்து மின்னழுத்தமாக ஏற்றித் தருகிறது. பேனல் போர்டில் மின்னோட்டத்தை அளக்கப் போடும் சி.டி. (கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்) மாதிரியேதான். இதைப் படித்த அன்றே கடையில் கிடந்த செம்புப் பட்டையை வளைத்து, சிறிய சி.டி. ஒன்றுக்குள் நுழைத்து முனைகளைப் பற்றவைத்துப் பார்த்தேன். சத்தம் சன்னம்தான், ப்ரீஆம்ப் தேவைப்பட்டது. ஆனால் மீட்டும் நகத்தின் ஓசைவரை தெளிவாக வந்தது. மூன்றாவது பட்டையைத்தான் இப்போது வளைத்துக்கொண்டிருக்கிறேன்.

இந்தத் திருவிழாவுக்குள் எதுவும் வாங்க முடியாவிட்டால், லைட் சரத்துக்கும் கிதாருக்கும் வேறு வேறு லைன் கேளுங்கள். மேடையில் நின்ற இடத்திலேயே மெதுவாகத் திரும்பிப் பாருங்கள். ஏதாவது ஒரு கோணத்தில் இரைச்சல் பாதியாகும், அங்கேயே நின்று வாசியுங்கள்.

கேள்வி: ஆறு தந்திக்கும் ஆறு தனி ஒலி எடுக்கும் பிக்கப் உண்டா?
– நெய்வேலி

உண்டு. தந்திக்கு ஒன்றாக ஆறு குட்டிக் காயில். ரோலண்ட் கம்பெனி 1977-ல் ஜிஆர்-500 என்ற கிதார் சிந்தசைஸரை இதை வைத்துத்தான் கொண்டுவந்தது. தனித்தனி ஒலி வந்தால் ஒவ்வொரு தந்தியின் சுருதியையும் கருவி தனியாகப் படிக்க முடியும். வெறும் கிதார் ஒலிக்கு இவ்வளவு வேண்டாம்.

கேள்வி: நானே ஒரு பிக்கப் கட்டிப் பார்க்க ஆசை. பிளஸ் டூ படிக்கிறேன். எங்கே தொடங்குவது அக்கா?
– வில்லியனூர்

கண்ணு, உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். ஃபேனுக்குப் போடும் 36 கேஜ் (தடிப்பு எண்) கம்பியில் தொடங்காதே. அது மூன்று மடங்கு தடிப்பு, சட்டத்துக்குள் அடங்காது. 46 கேஜ் எனாமல் கம்பி கேள், அதாவது சுமார் 0.06 மில்லிமீட்டர் தடிப்பு. 8,000 சுற்றுக்கு 1 கிலோமீட்டருக்கு மேல் கம்பி போகும், கால் கிலோ உருட்டு வாங்கினால் பல தடவை தப்புப் பண்ணலாம். வீட்டுப் பக்கத்தில் காயில் கட்டும் கடை எதுவாக இருந்தாலும் எண்ணும் மீட்டர் வைத்த கைச்சுற்று மெஷின் இருக்கும். மதிய நேரத்தில் போய்க் கேள், கொடுப்பார்கள்.

கம்பியை விரலால் பிடிக்காமல், சின்னக் கம்பளித் துண்டை மடித்து அதற்கு நடுவே ஓடவிடு. இறுக்கினால் அறும். தளர்த்தினால் காயில் உள்ளேயே அதிர்ந்து, ஆம்ப்பை ஏற்றியதும் கீச்சிடும். முதல் காயிலில் எனக்கு ஏழு தடவை அறுந்தது, அப்பா ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் உட்கார்ந்து எனாமலைச் சுரண்டி ஒட்டுப் போடக் காட்டிக்கொடுத்தார். ஒட்டுப் போட்ட காயிலும் ஒலிக்கும்.

கட்டி முடித்து மல்டிமீட்டரில் 6 கிலோ ஓம் அருகே வந்தால், மெழுகில் முக்க வேண்டும். பாரஃபின் நாலு பங்கு, தேன்மெழுகு ஒரு பங்கு. அடுப்பின் மேல் நேராக வைக்காதே, மெழுகு பற்றிக்கொள்ளும். அகலமான பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, அதற்குள் மெழுகுப் பாத்திரத்தை இறக்கு. 65 டிகிரிக்கு மேல் போனால் பிளாஸ்டிக் சட்டம் கோணிவிடும், தெர்மாமீட்டர் கட்டாயம். காயிலிலிருந்து குமிழி வருவது நிற்கும்வரை, சுமார் இருபது நிமிஷம், உள்ளே விட்டு எடு. அம்மாவையோ அப்பாவையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு செய். முடித்ததும் கடைக்கு எடுத்து வா, என் ஆம்ப்பில் போட்டுக் கேட்போம்.